வேலாயுதம் குடும்பம் (மெயின் குரூப்)

பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) ஈரான் பெண்கள் ஃபுட்பால் அணி கோல்கீப்பர் ஆண்!! அதிர்ச்சித் தகவல்!! அனைவருக்கும் பகிரவும்

பெரியப்பா: தர்ஷினிய திருச்சி ஃபுட்பால் செலக்ஷனுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி முரளி இத படிக்கவும்

கார்த்தி: ஆரம்பிச்சுட்டாரு 🙏

சித்ரா சித்தி: வளைகாப்புக்கு வளையல் யாரு வாங்குறீங்க

நித்யா: பெரியப்பா இது 2021ல சுத்துன கதை. அந்த கோல்கீப்பர் பேரு ஸொஹ்ரே கூதாயி, தாஷ்கண்ட்ல ஜோர்டானோட 0-0 ஆகி பெனால்டில ரெண்ட புடிச்சு 4-2ன்னு ஜெயிக்க வச்சாங்க, ஈரான் பொண்ணுங்க முதல் தடவையா ஆசியக் கோப்பைக்கு போனதே அதுலதான், தோத்த ஜோர்டான்காரங்கதான் இவங்க பொண்ணான்னு செக் பண்ணுங்கன்னு லெட்டர் போட்டாங்க. நான் பொண்ணுதான், கேஸ் போடுவேன்னு அவங்களே சொல்லிட்டாங்க

கார்த்தி: தோத்தவன் புலம்பல்

கீதா அத்தை: அந்த கப்பு இங்க நவி மும்பை நெருள் ஸ்டேடியத்துலயும் நடந்துச்சே. கொரோனா டைம், உங்க மாமா என்ன பால் வாங்கக்கூட விடல

நித்யா: ஆமா அத்தை, 2022 ஜனவரி. நம்ம டீமோட 0-0. நம்ம கடலூர் இந்துமதி இந்தியா டீம்ல இருந்தாங்க

பெரியப்பா: அப்புறம் சைனாகிட்ட 7 வாங்குனாங்களே அத சொல்லு

கார்த்தி: ஸ்கோரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காரு!!

நித்யா: 2011ல ஈரான் பொண்ணுங்களுக்கு என்னாச்சுன்னு தெரியுமா, அம்மான்ல அதே ஜோர்டானோட ஒலிம்பிக் தகுதி மேட்ச், தலைத்துணி கழுத்த மூடுதுன்னு உலக ஃபுட்பால் அமைப்பு ஃபிஃபா ஆடவே விடல, 3-0ன்னு ஜோர்டானுக்கு குடுத்துட்டாங்க, பொண்ணுங்க கிரவுண்ட்லயே அழுதாங்க. துணி இல்லன்னா ஊர்ல விடமாட்டான், போட்டா ஃபிஃபா விடமாட்டான். 2014லதான் அந்த தடை முழுசா போச்சு. 2025 ஜூலைல அதே அம்மான்ல ஜோர்டான 2-1 அடிச்சுட்டு 2026 ஆஸ்திரேலியா ஆசியக் கோப்பைக்கு தகுதி வாங்குனாங்க

சங்கர் மாமா: குட் மார்னிங் 🌹

கார்த்தி: மாமா மணி மூணு

பெரியப்பா: ஜெயிக்கட்டும், நல்லது. செலக்ஷன் நடக்குற அதே ஞாயித்துக்கிழமை ரம்யா வளைகாப்பு. வீட்டுப் பொண்ணு இல்லாம எப்படி

நித்யா: நிலூஃபர் அர்தலானுக்கும் இதேதான் நடந்துச்சு. ஈரான் பொண்ணுங்க ஃபுட்சால் (உள்ளரங்க ஃபுட்பால்) டீம் கேப்டன் அவங்க. 2015ல மலேசியால ஃபுட்சால் ஆசியக் கோப்பை, பையன் ஸ்கூல் சேர்ற அன்னிக்கு அம்மா கூட இருக்கணும்னு புருஷன் பாஸ்போர்ட்டுக்கு சம்மதம் குடுக்கல, அங்க சட்டம் அப்படி. அவங்க இல்லாமலே டீம் ஃபைனல்ல ஜப்பான ஜெயிச்சுது. அப்புறம் நவம்பர்ல கோர்ட் பர்மிஷன் வாங்கி குவாத்தமாலா டோர்னமென்ட் போனாங்க

சங்கர் மாமா: வளையல் வாங்கியாச்சு. சிவப்பு, பச்சை

கீதா அத்தை: நான் பத்தாவது படிக்கும்போது நெய்வேலி கபடிக்கு கையெழுத்து போட அப்பா பேனாவ எடுத்துட்டாரு. வேணாம்ப்பான்னு தடுத்தது யாருன்னு கேளுங்க

பெரியப்பா: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

கார்த்தி: 👀

முரளி சித்தப்பா: ஃபார்ம் எங்க இருக்கு

சித்ரா சித்தி: ஃப்ரிட்ஜ் மேல. காலைல இருந்து அங்கதான் இருக்கு

பெரியப்பா: வளைகாப்பு 9 டு 10.30. முடிச்சுட்டு போக முடியாதா

சித்ரா சித்தி: 7 மணிக்கே கிரவுண்ட்ல நிக்கணுமாம். சனிக்கிழமையே கிளம்பணும். கூட யாரு போறா

கார்த்தி: எனக்கு எக்ஸாம்

பெரியப்பா: சங்கர் மாப்ள?

சங்கர் மாமா: 🙏