ஸ்லோ குக்கரில் ராஜ்மா நடுவில் வேகவில்லை: கூடுதல் நேரம் வைத்தால் போதுமா?

கேள்வி

வணக்கம். இரவு முழுவதும் ஊறவைத்த சிவப்பு ராஜ்மாவைத் தக்காளி, வெங்காயத்துடன் ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் வைத்து 6 மணி நேரம் ஆகிறது. ஒரு பயற்றை எடுத்து நசுக்கினால் தோல் கழன்று வருகிறது. நடுப்பகுதி மட்டும் வெள்ளையாக, மாவு போல நிற்கிறது. குழந்தைகளும் சாப்பிடுவார்கள் என்பதால் இன்னும் பரிமாறவில்லை. இதே சூட்டில் மேலும் 2 மணி நேரம் விட்டால் சரியாகிவிடுமா?

பதில் 1

பரிமாறாமல் கேட்டது மிகவும் நல்லது. நேரத்தைக் கூட்டுவதால் இது தீராது, ஏனெனில் சிக்கல் சூட்டில்தான் இருக்கிறது. ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் (நச்சுத்தன்மை கொண்ட ஒருவகைப் புரதம்) இயல்பாகவே உண்டு. கொதிநிலையில் அது அழிந்துவிடும். ஆனால் 80 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் நச்சுத்தன்மை பச்சைப் பயற்றில் உள்ளதைவிடக் கூடிவிடவும் வாய்ப்புண்டு. ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் வைத்த உணவின் உட்பகுதி பல வேளைகளில் 75 டிகிரியைக்கூடத் தாண்டுவதில்லை. ஆகவே முழுவதையும் ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, தேவையான நீர் சேர்த்து, தளதளவெனக் கொதிக்கும் நிலையில் 30 நிமிடங்கள் வையுங்கள். அதன் பிறகும் நடுப்பகுதி மாவாக இருந்தால் மென்மையாகும்வரை கொதிப்பைத் தொடருங்கள். இடையில் ருசி பார்க்க வேண்டாம். வேகாத பயறு நான்கைந்து வயிற்றுக்குள் போனாலே 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும், தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரக்கூடும்.

கேட்டவர்

மிக்க நன்றி, அடுப்புக்கு மாற்றிவிட்டேன். அடுத்த முறை ஸ்லோ குக்கரையே தவிர்க்க வேண்டுமா? பயறு மென்மையாகிவிட்டால் பாதுகாப்பானது என்று கொள்ளலாமா?

பதில் 2

மென்மையை மட்டும் நம்பாதீர்கள். கொதிக்காத சூட்டிலும் பயறு நேரம் செல்லச் செல்லக் குழைந்துவிடும், லெக்டின் மட்டும் எஞ்சியிருக்கும். ஸ்லோ குக்கரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடங்கள் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குக்கரில் சேர்க்க வேண்டும். 10 நிமிடக் கொதிப்பே லெக்டினை அழித்துவிடும் என்றாலும், பயறு முழுவதும் அந்தச் சூட்டை எட்டுவதற்காகவே 30 நிமிடங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. வெள்ளை ராஜ்மாவில் இந்த நச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும் அதற்கும் இதே முறையைப் பின்பற்றுங்கள். டப்பாவில் வரும் ராஜ்மா ஏற்கெனவே முழுவதுமாக வெந்தது. அதை நேரடியாகச் சேர்க்கலாம். தக்காளியின் புளிப்பு பயறு வேகுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், அதைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது.