லோடிங் டாக் சுவர்: தளத்தோடு கட்டுவதா, பிரித்து விடுவதா?

கேள்வி:
ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கு, லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் மேடைச் சுவர் (லோடிங் டாக்) போட வேண்டும். யார்டிலிருந்து தளம் 1.2 மீ உயரம். சுவருக்குப் பின்னால் கிராவல் நிரப்பு, அதன் மேல் 200 மிமீ கான்கிரீட் தளம், பளு சதுர மீட்டருக்கு 5 டன். ஃபூட்டிங் (அடிப்பீடம்) மேல்மட்டம் யார்டுக்கு 0.5 மீ கீழே, அதனால் ஸ்டெம் (நிற்கும் சுவர்) 1.7 மீ, ஃபூட்டிங் கனம் 300 மிமீ.

கான்டிலீவராக (மேலே பிடிப்பில்லாமல் தானே நிற்பதாக)ப் போட்டேன். மண் கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன் (கிநி), Kஏ (சுவர் சற்று நகர முடிந்தால் எடையில் பக்கவாட்டில் தள்ளும் பங்கு) 0.33. மண்ணால் வரும் மொமென்ட் (சுவரை வளைக்கும் திருப்பம்) 4.9 கிநிமீ, தளப் பளுவால் 23.8. 200 மிமீ சுவரில் 12 மிமீ கம்பி 150-க்கு ஒன்று போதும். சிக்கல் ஸ்லைடிங்கில்தான் (சுவர் அடியோடு முன்னால் வழுக்குவது). ஃபூட்டிங்கை 2.2 மீ ஆக்கியும் எடை 77 கிநிதான், உராய்வு 0.5 என்றால் 38. தள்ளுவதோ 45.

சுவரைத் தளத்தோடு கம்பியால் இணைத்துக் கட்டிவிட்டால் தீரும். ஆனால் தளம் போடும் கான்ட்ராக்டர் சுவர் ஓரம் ஐசொலேஷன் ஜாயின்ட் (தளத்தையும் சுவரையும் பிரிக்கும் இடைவெளி) விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விரிசலுக்குப் பொறுப்பில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில் 1:
கட்டுங்கள். ஆனால் கணக்கை இரண்டு கட்டமாகப் போட வேண்டும்.

நிரப்பு போடும்போது தளம் இல்லை, சுவர் தனியாகத்தான் நிற்கும். அதற்கு Kஏ, பின்னால் 10 கிநி/சமீ (சதுர மீட்டருக்கு) பளு. தள்ளு விசை 18.5 கிநி. 1.7 மீ ஃபூட்டிங் (சுவருக்கு முன்னால் நீளும் டோ 0.3, பின்னால் மண்ணுக்கு அடியில் நீளும் ஹீல் 1.2) எடை 58 தரும், 0.9 பெருக்கி, உராய்வு 0.5 வைத்தால் 26. ஐஎஸ் 456 (இந்தியக் கான்கிரீட் விதிநூல்) கேட்கும் 1.4 மடங்கு சரியாகக் கிடைக்கும், மிச்சம் எதுவும் இருக்காது. ஆகவே சுவரிலிருந்து 1 மீ வரை ரோலர் வரக்கூடாது. அந்தப் பட்டையில் பிளேட் காம்பாக்டர், 150 மிமீ அடுக்கு.

தளம் வந்தபின் மேல்முனை நகராது. அப்போது Kஏ செல்லாது, 0.5 எடுங்கள். மேல்முனை நகராது ஆனால் திரும்பலாம் (பின்), கீழே இரண்டும் முடியாது (ஃபிக்ஸ்): மொமென்ட் 12 கிநிமீதான், மேல்முனை இழுவிசை மீட்டருக்கு 18.5 கிநி. (முதல் கட்டத்தில் வந்த அதே எண், தற்செயல்.) 12 மிமீ கம்பி 300-க்கு ஒன்று தாராளம்.

பதில் 2:
கம்பி தாராளம்தான், தளம் தாங்குமா? 18.5 கிநியை எதிர்ப்பது தளத்தின் அடி உராய்வு. வெறும் தளம் 5 கிநி/சமீ, 0.9, 0.5, 1.4 போட்டுப் பார்த்தால் சுவரிலிருந்து 11.5 மீ நீளம் ஒரே துண்டாக வேண்டும். முதல் ஜாயின்ட் 4 மீட்டரில், அதில் கிரீஸ் தடவிய வழவழ டவல் பார் (பேனல்களை இணைக்கும் கம்பி). அது இழுவிசை எடுக்கவே எடுக்காது. வரைபடத்தில் சுவர் கட்டப்பட்டிருக்கும், நிஜத்தில் 4 மீ துண்டோடு சேர்ந்து முன்னால் நகரும். முதல் மூன்று பேனல்களுக்கு இடையே முறுக்குக் கம்பியில் டை பார் (பேனல்களை விலகாமல் பிடிக்கும் கம்பி) போடுங்கள், அதற்கப்புறம் டவல்.

கான்ட்ராக்டர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கட்டினால் தளம் சுருங்கும்போது டாக் பக்கமாக இழுபட்டுப் போகும், பெரிய பாதிப்பில்லை. எதிர்ப்பக்கமும் டாக் இருந்து இரண்டையும் கட்டினால் நடுவில் பிளக்கும். அங்கே திறக்கக்கூடிய ஜாயின்ட் ஒன்று கட்டாயம். சுவர் நீளவாக்கில், சுவரின் ஜாயின்ட் உள்ள இடத்திலேயே தளத்தின் சா கட்டும் (ரம்பத்தால் வெட்டும் ஜாயின்ட்) விழ வேண்டும். சுவரிலிருந்து வரும் கம்பி தளத்தின் நடுக்கனத்தில் இருக்கட்டும். மேலே வைத்தால் நிரப்பு சற்று இறங்கியதும் சுவர் ஓரத்திலேயே மேல்விரிசல் வரும்.

பதில் 3:
மேல்முனையைப் பிடித்தாகிவிட்டது, அடியை யாரும் பார்க்கவில்லையே. டாக் ஓரம் ஃபோர்க்லிஃப்ட் ஓடுவதற்காகக் காலியாக இருக்கும், சரக்கு ஹீலுக்கு அப்பால் அடுக்கியிருக்கும். ஹீல் மேல் பளு கிடையாது, தள்ளு மட்டும் உண்டு. ஸ்லைடிங்குக்கு Kஏ எடுத்தாலும் 45-இல் மேல்முனை 12 எடுத்தது போக 33 கிநி அடியில். 1.4 பெருக்கினால் 46, உராய்வு 26. இருபது குறைகிறது.

யார்டு மண்ணை நம்ப வேண்டாம், பைப் போட என்றைக்காவது தோண்டுவார்கள். 200 மிமீ யார்டு கான்கிரீட்டை முட்டுக்கொடுப்பதாக எடுங்கள். 9 மீ நீளத்தின் உராய்வே 20 தந்துவிடும். அப்படியானால் அந்த 9 மீட்டருக்குள் எந்த ஜாயின்ட்டிலும், சுவர் ஓரத்திலும், தெர்மாகோல் வைக்கக்கூடாது. அமுங்கினால் முட்டு இல்லை. “இந்தப் பகுதியை வெட்டாதே” என்று வரைபடத்தில் எழுதுங்கள். யார்டு கான்கிரீட் முடியும் முன் உள்ளே சரக்கு ஏற்றவும் விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
அந்த ஓரத்தில் 20 மிமீ தெர்மாகோல்தான் காட்டியிருந்தேன். எடுத்துவிடுகிறேன். லெவலர் பிட் (லாரி உயரத்துக்கு ஏற ஏறி இறங்கும் பலகைக்கான குழி) இருக்கும் இடத்தில் தளமே இல்லையே, அங்கே எப்படி?

பதில் 1:
அடிப் பகுதியைக் கவனிக்காதது என் தவறு, பதில் 3 சொல்வதே சரி. பிட்டில் சுவர் தாழ்ந்துவிடும்: பிட் ஆழம் 0.6 மீ என்றால் மிஞ்சும் ஸ்டெம் 1.1 மீ. பிட் அடித்தளத்தையும் பக்கச் சுவர்களையும் டாக் சுவரோடு ஒன்றாக வார்த்து, அடித்தளத்திலிருந்து பின்னால் உள்ள தளத்துக்கு டை பார் கொண்டுபோங்கள்.

பம்பர் வரும் இரு பக்கமும் சுவரை 300 ஆக்குங்கள். 25 டன் வண்டி வினாடிக்கு 1 மீ வேகத்தில் பின்னால் வந்து முட்டினால் 12.5 கிலோஜூல். ரப்பர் 50 மிமீ அமுங்கினால் சராசரி 250 கிநி. அது சுவரை உள்ளே தள்ளும் விசை, தளம் வாங்கிக்கொள்ளும். உடைவது மேல் விளிம்புதான், அதுவும் பம்பர் போல்ட் விளிம்பை ஒட்டி இருந்தால். விளிம்பில் பதிக்கும் இரும்பு ஆங்கிளின் ஆங்கர் கம்பிகளைச் சுவர்க் கம்பிக் கூட்டுக்குள் வளைத்துக் கட்டிய பிறகே கான்கிரீட் போடச் சொல்லுங்கள்.