ஜார்ஜ்டவுனைத் திரை அச்சில் பதிக்க ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் (1818), சீனர்களின் குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில் (1833), இந்திய முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகியவை சில நிமிட நடைக்குள் அமைந்திருப்பதை திரை அச்சாக, அதாவது வலைத்திரை வழியே மையைத் தாளில் இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டாக்க முனைந்துள்ளேன். கட்டடங்களை வரிசையாக நிறுத்தினால் வெறும் சுற்றுலா அட்டையாகிவிடும் என்பதால், தமிழ், சீன, ஜாவி (மலாய் மொழியை எழுதும் அரபு வரிவடிவம்) எழுத்துள்ள கடைப்பலகைகளை ஒளிபுகும் மையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மஞ்சளும் நீலமும் சேருமிடத்தில் பச்சை தானாகவே தோன்றும்படி அமைத்திருக்கிறேன். ஆனால், சென்டிமீட்டருக்கு 77 இழையுள்ள வலையில் 'ணி', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிகள் மையால் நிரம்பிவிடுகின்றன. நீர்சார்ந்த மை அடுத்த தாளை வைப்பதற்குள் வலையிலேயே காய்ந்தும் போகிறது. 120 இழை வலைக்கு மாறுவதா, எழுத்தைப் பெரிதாக்குவதா, மை உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை அதில் சேர்ப்பதா? பருத்தித் தாளில் வண்ணங்கள் விலகாமல் அச்சிட்ட அனுபவமுள்ளவர்கள், தாங்கள் கையாண்ட முறையை விவரமாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.