டிராஃபிக்கிலும் மலை ஏற்றத்திலும் இன்ஜின் சூடேறுகிறது, ஹெட் கேஸ்கெட்டா வேறு ஏதாவதா?

செல்லூர்க்காரன்:

வணக்கம். வண்டி 2014 மாடல் பெட்ரோல், சின்ன கார், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாக மதிய வெயிலில் சிம்மக்கல்லில் இருந்து கோரிப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே போகிறது. அதே வண்டியை மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் விரட்டினால் முள் தானாக இறங்கி நடுவில் நின்றுவிடும், எண்பதில் போனாலும் அசையாது. போன வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு வரை ஒரு தொந்தரவும் இல்லை. மலை ஏற ஆரம்பித்துப் பாதி வழியில் முள் சிவப்புக்குப் போய், ரிசர்வ் டேங்க் கொதித்துப் பொங்கி வெளியே ஊற்றியது. ஓரங்கட்டி ஆறவிட்டு, கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி, ஏசி இல்லாமல் உருட்டிக்கொண்டு திரும்பி வந்தோம்.

இங்கே ஒரு மெக்கானிக் "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுங்க, சரியாகிடும்" என்கிறார். இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வாம் அது. இன்னொருவர், டேங்கில் குமிழி வந்தது என்று சொன்னதுமே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) போச்சு, ஹெட்டை இறக்கி லேத்தில் ஃபேஸிங் போடணும், முப்பதாயிரம் ஆகும் என்கிறார். இரண்டு பேரும் பானட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றி வருகிறேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?


பழைய ஸ்பேனர்:

தம்பி, இப்போதைக்கு ஹெட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஊருக்குள் ஊர்ந்து போகும்போது சூடேறி, நாலுவழிச் சாலையில் வேகம் எடுத்ததும் இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே வேலையைச் செய்துவிடும், நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ, வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலோ, பெல்ட் வழுக்கினாலோ பெரும்பாலும் தலைகீழாக இருக்கும், ஊருக்குள் எப்படியோ சமாளித்துவிட்டு நூறில் அழுத்தும்போது முள் ஏறும்.

மலையில் ஏறியதை வைத்துக் குழம்ப வேண்டாம். அங்கே இரண்டாவது கியரில் இன்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது, வண்டியோ இருபது முப்பதில்தான் நகர்கிறது. லோடு அதிகம், காற்றும் இல்லை. ஃபேன் செத்திருந்தால் கோரிப்பாளையம் சிக்னலை விட அங்கேதான் மோசமாக வரும்.

ஒன்று சொல்லுங்கள், சிக்னலில் நிற்கும்போது ஏசி காற்று வெதுவெதுப்பாகி, வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிர்கிறதா? ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் இருக்கிறது, சின்ன கார்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ஃபேன்தான். நிழலில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டுவிட்டு பானட்டைத் திறந்து நின்று பாருங்கள், கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, முதலில் ஃபியூஸ், அப்புறம் ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற ரிலே (பெட்டியில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம், காசே இல்லாத டெஸ்ட்), கடைசியில் மோட்டார். விரல் பத்திரம். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று ஓடும்.


மேலமாசிவீதி:

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவை இல்லை, அது பனி பெய்கிற ஊர்க்காரனுக்குச் செய்தது. என் பழைய வண்டியில் கழற்றிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டினேன், ஒரு நாளும் கொதிக்கவில்லை.


உசிலம்பட்டி ரோடு:

மேலமாசி அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஒர்க்‌ஷாப்பில் தினமும் பார்க்கிறேன். இன்ஜின் நன்றாக ஓடுவதற்கு உள்ளே சுற்றுகிற கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) 90 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். சித்திரை மாதத்து 40 டிகிரி மதுரை வெயில் நமக்குத்தான் சூடு, இன்ஜினுக்கு அது குளிர்தான். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சூடேற நேரம் பிடிக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் படுத்துவிடும். சில இன்ஜின்களில் இன்னொரு கூத்தும் உண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அதுவே அடைக்கிற மாதிரி அமைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றும், லோடில் இன்னும் சூடாகும். உங்கள் பழைய வண்டி தப்பித்தது, எல்லா வண்டியும் தப்பிக்காது. சந்தேகம் என்றால் கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேலேயே டிகிரி அடித்திருக்கும், பல கார்களில் 82 அல்லது 88. அந்தச் சூட்டுக்குத் திறக்க ஆரம்பித்தால் நல்லது, தண்ணீர் கொதித்த பிறகும் திறக்கவில்லை என்றால் புதுசு போடுங்கள்.

செல்லூர்க்காரரே, ஃபேன் விஷயத்தில் பழைய ஸ்பேனர் சொன்னதுதான் என் கணக்கும். ஆனால் மலையில் பொங்கி ஊற்றியதற்கு மூடியும் கூட்டுக் களவாணியாக இருக்கலாம். ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்கிறார்கள், அது ஒரு பிரஷர் வால்வு. 0.9 அல்லது 1.1 என்று பார் கணக்கு அதில் அச்சடித்திருக்கும். வெறும் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும், 1.1 பார் பிடிக்கிற மூடி போட்டால் 120 வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய் அழுத்தம் நிற்கவில்லை என்று வையுங்கள். கொடைக்கானல் ஏழாயிரம் அடி, அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாதி மலையில் நூறுக்குச் சில டிகிரி குறைவாக இருக்கும், அவ்வளவுதான். சாதாரணமாக ஓடுகிற இன்ஜினின் சூடே அதற்குப் பக்கத்தில்தான். வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் பானட்டைத் திறந்துவைத்து நிற்கிற வண்டிகளில் எத்தனைக்கு இந்த மூடிதான் வியாதியோ. இன்ஜின் ஆறியதும் மேல் ஹோஸ் உள்ளே ஒடுங்கிச் சப்பிப்போனாலும் மூடியைத்தான் பாருங்கள், திரும்ப உள்ளே இழுக்கிற வால்வும் அதிலேயே இருக்கிறது.

கொதிக்கும்போது டேங்கில் வருவது ஆவி, அதை வைத்து ஹெட் கேஸ்கெட் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். காலையில், ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் இருந்தே நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், அல்லது மூடி போட்டு ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்தில், சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அப்போது பயப்படலாம். ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரி வழவழப்பு, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, எங்கும் ஒழுகாமலே கூலன்ட் குறைவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இன்னும் சந்தேகம் என்றால் நீல மருந்து டெஸ்ட் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கே வருகிற காற்றை மருந்து வழியாக இழுப்பார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். முப்பதாயிரம் செலவுக்கு முன்னால் இதைச் செய்யாத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

போர் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீர் குக்கர் அடியில் என்ன செய்கிறது என்று வீட்டில் கேளுங்கள், ரேடியேட்டரின் மெல்லிசுக் குழாய்க்குள்ளும் அதேதான் படியும். பேட்டரிக்கு விற்கிற டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் சரிபாதி, அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். பழசைத் தெருவில் திறந்துவிடாதீர்கள், இனிப்பாக இருக்கும் என்று நாய் நக்கிவிடும், அது விஷம்.

இன்னொன்று, முள்ளை ரொம்ப நம்ப வேண்டாம். பல கார்களில் கூலன்ட் 80-இல் இருந்தாலும் 100-இல் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், அது அசையும்போதே தாமதம்தான். 2013 ஏப்ரலில் இருந்து இங்கே ஓபிடி-2 (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலை வெளியே படிக்கிற வசதி) கட்டாயம், உங்கள் வண்டியிலும் இருக்கும். ஒரு புளூடூத் அடாப்டர் வாங்கிச் செருகினால் போனிலேயே டிகிரி தெரியும்.


செல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஏசி விஷயம் அப்படியேதான், சிக்னலில் நின்றால் காற்று வெதுவெதுப்பாகிறது. வெயில் என்று நினைத்திருந்தோம். ஏசி போட்டுப் பார்த்தேன், ஃபேன் அசையவே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ரிலே மாற்றியும் பலன் இல்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மோட்டார் முதுகில் இரண்டு தட்டு தட்டினார், சட்டென்று சுற்ற ஆரம்பித்தது. கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதாம், சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. பிரஷ் மட்டும் மாற்றலாம், ஆனால் மலைக்குப் போகிற வண்டி என்றால் மோட்டாரையே மாற்றுங்கள் என்றார். மாற்றிவிட்டோம். கழற்றியபோது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு கைப்பிடி வைக்கோல் தூசி. மேலூர் பக்கம் ரோட்டிலேயே கதிர் பரப்பிப் போட்டிருப்பார்களே, அதன்மேல் ஓட்டிய வண்டி இது.

மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, அதே அளவில் புதுசு போட்டேன். காலையில் குமிழி இல்லை, ஆயில் சுத்தம். பழைய தண்ணீர் காவி நிறத்தில் வந்தது, தெளிகிற வரை கழுவி கூலன்ட் நிரப்பியாயிற்று. இப்போது போனில் பார்த்தால் 98-இல் ஃபேன் ஓடி 92-இல் நிற்கிறது, கோரிப்பாளையத்திலும் அதைத் தாண்டவில்லை. நேராகக் கொடைக்கானலே போகலாமா?


பழைய ஸ்பேனர்:

அதற்கு முன்னால் தனியாகச் சிறுமலை ஏறிப் பாருங்கள். திண்டுக்கல் பக்கம்தான், 18 கொண்டை ஊசி வளைவு, ஏசி போட்டே ஏறுங்கள். அத்தனை நாள் போர் தண்ணீர் குடித்த ரேடியேட்டர், உள்ளே எவ்வளவு அடைத்திருக்கிறது என்று ஏற்றத்தில்தான் தெரியும். 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும், வாட்டர் பம்ப்பையும் அப்போதே பார்த்துவிடலாம். வழியில் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோவரை முழு வேகத்தில் விட்டு, கண்ணாடியை இறக்குங்கள். உங்களுக்கு வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். அதற்கும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி ஆஃப் செய்துவிடுங்கள், தொட்டால் சுடாத அளவுக்கு ஆறுகிற வரை மூடியைத் திறக்கக் கூடாது, சூடான இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது.

கூலன்ட் புதுசாக நிரப்பியதால் ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) இருக்கலாம். கிளம்புகிற அன்று காலையில், ஆறிய வண்டியில், அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் நிரப்பிவிட்டுப் போங்கள், அது ஒழுகல் இல்லை.