வைட் ரிசீவருக்கு இவ்வளவு பணம் தகுமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீகான NFL-ல், வைட் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) ஜமார் சேஸுக்கு பெங்கால்ஸ் அணி 2025-ல் 4 ஆண்டுக்கு 16.1 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அந்த ஆண்டு ஒரு அணிக்கான மொத்தச் சம்பள வரம்பே 27.92 கோடிதான். ஒரு மேட்ச்சில் பத்து பந்து வாங்குபவருக்கு இது அதிகமில்லையா?

பதில்: பந்து வராத பிளேயிலும் (ஒவ்வொரு தாக்குதல் முயற்சியிலும்) அவருக்கு வேலை உண்டு. அவர் பக்கம் ஒரு சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாளர்) சாய்ந்தால் நடுவில் ஓர் ஆள் குறைவான். பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்குக்கு வழி, எதிர்ப்பக்க ரிசீவருக்கு ஒற்றைக் காவல். இது ஸ்கோர் ஷீட்டில் வராது.

பதில்: சரி, ஆனா 2024-ல் சேஸ் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்). மூன்றிலும் லீகில் முதலிடம். அணியோ 9 வெற்றி, 8 தோல்வி, பிளேஆஃப் கிடையாது. டிஃபென்ஸ் ஓட்டையை ரிசீவர் அடைக்க முடியாது.

பதில்: சீஃப்ஸ் அணியைப் பாருங்க. 2022-ல் ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்து ஐந்து டிராஃப்ட் பிக் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வாங்கினாங்க. அதில் சிலதைச் சேர்த்து முன்னேறித்தான் கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) டிரென்ட் மெக்டஃபியை எடுத்தாங்க. அடுத்த இரண்டு சீசனும் சூப்பர் பௌல் (லீகின் இறுதிப் போட்டி) ஜெயிச்சாங்க.

பதில்: சீஃப்ஸ் மாதிரி மஹோம்ஸ் போன்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) இருந்தா எந்தக் கணக்கும் சரியா வரும்! அதே ஆண்டு டைட்டன்ஸ் அணி ரிசீவர் ஏ.ஜே. பிரவுனை ஈகிள்ஸ் அணிக்கு விட்டு, 18-வது பிக்கில் ரிசீவர் டிரெய்லான் பர்க்ஸை எடுத்தது; அந்த இடம் நிரம்பவே இல்லை. மலிவு வேணும்னா ரிசீவரை டிராஃப்ட்டின் முதல் சுற்றில் எடுங்க: 4 ஆண்டு ஒப்பந்தம், ஐந்தாம் ஆண்டு அணியின் விருப்பம். மூன்று சீசன் முடியும்வரை புது ஒப்பந்தம் போட விதியே இடம் தராது.