ஆர்மி (அமெரிக்க ராணுவ அகாடமி, வெஸ்ட் பாயிண்ட்) அமெரிக்கன் ஃபுட்பால் டீமோட 2024 சீசன்: நேர்ல பாத்தவங்க சொல்லுங்க

டல்லாஸ்வாசி:
இந்த சீசன்னாலே எல்லாரும் டுலேன் யுனிவர்சிட்டியத் தோக்கடிச்சு பட்டம் ஜெயிச்ச ஃபைனல் பத்தியே பேசுறாங்க, எனக்கு மறக்க முடியாதது நவம்பர் 9 டென்டன் மேட்ச்தான், நார்த் டெக்ஸஸ் கூட. செகண்ட் ஹாஃப்ல சொந்தக் கோட்டுப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சாங்க, பந்த விடாம ஒரே டிரைவ், 21 ப்ளே (தனித்தனி ஆட்ட முயற்சி), 94 யார்டு, கிட்டத்தட்ட 14 நிமிஷம். மூணு யார்டு, நாலு யார்டு, மறுபடி மூணு யார்டுன்னு ஆர்மி குவார்ட்டர்பேக் (ஆட்டத்த நடத்துறவர்) பிரைசன் டெய்லி மோதி மோதியே போறாரு. நார்த் டெக்ஸஸ் டிஃபென்ஸ்ல ஒரு பையன் இடுப்புல ரெண்டு கையும் வச்சு கடிகாரத்தயே பாத்துட்டு நின்னான். அடுத்த ப்ளேக்கு மறுபடி குனிஞ்சான் பாருங்க, அந்த முகம் இன்னும் போகல. 14-3 ஆர்மி ஜெயிச்சுது.

ஹட்சன்கரையான்:
அது நல்ல டிரைவ்தான், ஆனா டுலேன் மேட்சோட சேத்துப் பேசாதீங்க. டிசம்பர் 6 ராத்திரி, மைக்கி ஸ்டேடியம், அப்படி ஒரு குளிர். 1890லருந்து ஆடுற டீம், அதுவரைக்கும் ஒரு கான்ஃபரன்ஸ் (காலேஜ் டீம்களோட லீக்) பட்டம் கெடயாது, அமெரிக்கன் கான்ஃபரன்ஸ்ல சேந்த மொத வருஷமே 35-14. டெய்லிக்கு மட்டும் நாலு டச்டவுன் (பந்த எதிரணிக் கடைசிக் கோட்டுக்குள்ள கொண்டுபோறது). முடிஞ்சதும் கேடட்டுங்க கூட்டமா கிரவுண்டுல எறங்கிட்டாங்க, எனக்கு முன் வரிசைல ஒரு அம்மா மகன் நம்பரச் சொல்லிக் கத்திட்டே இருந்தாங்க, அவன் எந்தப் பக்கம்னே தெரியல, கடைசி வரைக்கும் உக்காரல அவங்க.

மேரிலாந்து_ராஜி:
பட்டம் சரிங்க, எட்டே நாள்ல மேரிலாந்து லேண்டோவர்ல நேவி (கடற்படை அகாடமி) கிட்ட 31-13 வாங்குனத யாரும் சொல்ல மாட்டேங்குறீங்களே. நேவி பன்ட் பண்ண (பந்த உதைச்சு எதிரணிக்கு விட) போறாங்கன்னு நெனச்சா, பந்து நோஸ் கார்டு (டிஃபென்ஸ் நடுவுல நிக்கறவர்) லேண்டன் ராபின்சன் கைல! அவ்ளோ பெரிய ஆளு 29 யார்டு ஓடுறாரு, பக்கத்துல இருந்த ஆர்மிக்காரங்க அப்படியே வாயடைச்சுப் போயிட்டாங்க. அப்புறம் வழக்கம்போல ரெண்டு அகாடமி பாட்டும் பாடுனாங்க, தோத்தவங்க பாட்டு மொதல்ல.

இனிமே ஆர்மி-நேவி மேட்சுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கிக்ஆஃப் நேரத்துக்குப் போகாதீங்க. மார்ச் ஆன் அதுக்கு ரொம்ப முன்னாடி, ரெண்டு அகாடமியும் அணிவகுத்து வர்றதப் பாக்காம வந்தா பாதி போச்சு. கைதிகள் பரிமாற்றம்னு ஒண்ணு உண்டு, ஒரு செமஸ்டர் அடுத்த அகாடமில படிச்ச பசங்கள அவங்கவங்க பக்கம் திருப்பி விடுவாங்க, பிள்ளைங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். பை கண்ணாடி மாதிரி தெரியுறதா இருக்கணும், ஃபோட்டோ ஐடி கட்டாயம் வச்சுக்கோங்க, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோங்க, வீட்டுலயே நல்லா சாப்ட்டு வாங்க, கார் நிறுத்த மட்டும் கடைசில கெளம்பாதீங்க.

டல்லாஸ்வாசி:
ராஜி அக்கா, நேவி நல்லா ஆடுனாங்க, அவங்க குவார்ட்டர்பேக் ஹார்வத் தனியாவே நாலு டச்டவுனுக்குக் காரணம், அத ஒத்துக்கறேன். ஆனா மொத்த சீசன்லயே தோல்வி ரெண்டுதான், நோட்ர டேம் 49-14, அப்புறம் இது. அதுக்கப்புறம் இன்டிபெண்டன்ஸ் பவுல்ல லூசியானா டெக்க 27-6ன்னு அடிச்சு 12 ஜெயிப்பு, அந்த அகாடமி வரலாற்றுலயே அதிகம். டெய்லி சீசன் முழுக்க ஓடி எடுத்தது 32 டச்டவுன். லேண்டோவர மட்டும் வச்சு இந்த டீம எடை போடாதீங்க.