பனையோலை மடிப்பில் ஒடிகிறது, வழி சொல்லுங்கள்

தூத்துக்குடி அருகே பனையோலைப் பெட்டி முடைகிறேன். மூன்று வாரமாக ஓலை மூலை மடிப்பிலேயே ஒடிகிறது. குருத்தோலைதான், ஈர்க்கு நீக்கி, 5 நாள் வெயிலில் உலர்த்தி, அரை அங்குல அகலத்தில் வகிர்ந்தது.

20 நிமிடம் தண்ணீரில் போட்டேன். மேல்புறம் மட்டும் நனைந்தது. இரவு முழுக்க ஊறினால் அழகாக வளைகிறது, ஆனால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கிறது. ஈரத்துணியில் சுற்றியும் பார்த்தேன். முடைவதற்குள் காற்றில் விறைத்துவிடுகிறது. செல்சுவரின் செல்லுலோஸ் இழைகளுக்கிடையே நீர் புகுந்தால்தான் ஓலை வளையும், உலர்ந்தால் மறுபடி இறுகும் என்று தெரியும். அம்மா இருந்தவரை இந்தத் தொல்லை வந்ததே இல்லை. அடுத்த வாரக் கல்யாணத்துக்கு 40 பெட்டி கொடுக்க வேண்டும்.

பூஞ்சை வராமல் உள்வரை ஈரம் ஏற, வெந்நீரில் எத்தனை நிமிடம் ஊறவைக்க வேண்டும்?